ஆசான் கற்கும் பாடம்

பழவங்காடிப் பிள்ளையார் திருமுன்னில் நாள்தோறும் தேங்காய்கள் சிதறுகின்றன. தேர்வு எழுதப் போகும் மாணவன், புதுக்கடை திறக்கும் வணிகர், மகளுக்கு வரன் தேடும் தாய் என எத்தனையோ பேர் தத்தம் தொடக்கங்களை அங்கே வைத்துச் செல்கின்றனர். முன்னாளில் திருவிதாங்கூர் நாயர் படையினர் பேணி வந்த அக்கோயிலை இன்று இந்தியத் தரைப்படையினர் பேணி வருகின்றனர். சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்து வரும் நம்மவர்க்கும், அலுவல் நிமித்தம் நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இவ்வூருக்குக் குடிவந்த நம்மவர்க்கும் அது வழிபாட்டிடம் மட்டுமன்று. ஒருவரை ஒருவர் கண்டு நலம் உசாவும் இடமும் ஆகும்.

அங்குதான் அண்ணாச்சியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். இளமையில் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் உள்ள பறத்தல் பயிற்சியாளர் பள்ளியில் தேறி, ஆசிரிய விமானி ஆனவர். அப்பள்ளி 1948-ஆம் ஆண்டில் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. “விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகள் பல உண்டு, தம்பி. கற்பிப்பது எப்படி என்று கற்பிக்கும் பள்ளி அது” என்று பெருமையோடு சொல்வார். படையிலிருந்து விலகிய பின், ஒரு பயிற்சிக் கழகத்தில் சில ஆண்டுகள் இளைஞர்க்கு விமானம் ஓட்டப் பழக்கினார். முதுமையில் மகள் வீட்டோடு வந்து, கோயிலை அடுத்த ஒரு சந்தில் குடியிருந்தார். இன்று அவர் இல்லை. அவர் விட்டுச் சென்ற ஒரு சிந்தனை மட்டும் என்னோடு இருக்கிறது. அதனை நம் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாள் காலையில், வெள்ளைச் சீருடை அணிந்த இளைஞன் ஒருவன் தன் தாயோடு வந்து தேங்காய் உடைத்தான். அண்ணாச்சி அவன் தோளில் இருந்த பட்டையைக் கூர்ந்து பார்த்தார். “விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளை. தனியாகப் பறக்கும் நாள் நெருங்கிவிட்டது போலும்” என்றவர், சற்று நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தேங்காய் உடைக்க வேண்டியவன் அவன் அல்லன், தம்பி, அவனுடைய ஆசிரியன்.”

விமானம் நம் ஊருக்குப் புதியதன்று. இவ்வூர் விமானத் தளம் 1930-களில் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. அவர் தாமும் விமானம் ஓட்டப் பயின்றவர். 1971-ஆம் ஆண்டில் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்திலேயே உயிர் துறந்தவர். 1935-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்றை நெவில் வின்சென்ட் என்பார் பம்பாயிலிருந்து இங்கே ஓட்டி வந்தார். அன்று தொடங்கிச் சங்குமுகக் கடற்கரையை ஒட்டிய வானம் ஓய்ந்ததில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும்போது மட்டும், ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து செல்ல வேண்டி, விமானங்கள் சில மணி நேரம் காத்து நிற்கின்றன. ஆனால், அந்த விமானங்களுள் அமர்ந்து ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்ணாச்சி சொன்ன அவ்வொரு சொல்லால் நான் எண்ணத் தொடங்கினேன்.

அதற்கு வீட்டுக் காரணமும் ஒன்று உண்டு. அந்நாளில் ஏழு வயதாகியிருந்த என் பேரன், என்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தான். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். தவறு என்று தெரிந்தும் ஒருவரைத் தவறு செய்ய விடுவது அறமாகுமா? விட்டால் எவ்வளவு தூரம் விடலாம்? இவ்வினாக்களை நான் அண்ணாச்சியிடம் கேட்டதற்கு அப்பிள்ளையின் மௌனமே காரணம்.

பாதிக் கல்வி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு மாணவன் கல்வியில் நிறைவு பெறும் வகையைக் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆசான் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது கால் பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வாய்க்கிறது. எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிறைகிறது. கற்பிக்கத் தொடங்காதவன் பாதி கற்றவனே என்பது இதன் கருத்தாகும்.

இக்கணக்கை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்து போனார். “எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை” என்று சொல்லி, ஓர் எடுத்துக்காட்டும் தந்தார்.

விமானம் தரையில் இறங்கும் கடைசி சில நொடிகளில், கீழ்நோக்கி வரும் அதன் மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தி, வேகத்தை இழக்கச் செய்து, சக்கரங்களை நிலத்தில் அமர்த்த வேண்டும். ஒரு நொடி முன்னதாக உயர்த்தினால், விமானம் நிலத்துக்கு மேலே விசையிழந்து தொப்பென்று விழும். ஒரு நொடி தாமதித்தால் நிலத்தில் மோதும். அந்த ஒரு நொடியை அறிவது எப்படி? ஆயிரம் முறை இறங்கிய விமானிக்கு அது கையிலும் கண்ணிலும் இருக்கிறது, சொல்லில் இல்லை. மாணவன் கேட்கும்போதுதான், தனக்குத் தெரிந்தது என்ன என்று அவன் தனக்குள்ளே தேடிப் பார்க்கிறான். தன் பார்வை எங்கே இருந்தது? மூக்குக்கு நேர் கீழேயா? இல்லை, ஓடுபாதையின் மறுகோடியில். தரை எழும்பி வருவதுபோல் தோன்றியது எப்போது? இவற்றையெல்லாம் சொல்லாக்கிய பின்னரே அவன் தன் வித்தையைத் தானே முழுதாக அறிகிறான்.

இன்னொன்றும் சொன்னார். விமானத்தின் இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டால், இறக்கையின் மேலே வழுவழுவென்று ஓட வேண்டிய காற்று பிரிந்து சிதறுகிறது. தாங்கும் விசை குறைகிறது. விமானம் விழத் தொடங்குகிறது. விழுகிறோம் என்று உணர்ந்த எந்த மனிதனும் கையில் உள்ள தண்டைத் தன்பால் இழுத்து மூக்கை உயர்த்தவே முயல்வான். அது இயற்கை. ஆனால் அப்படிச் செய்தால் கோணம் இன்னும் பெரிதாகும், வீழ்ச்சியும் பெரிதாகும். செய்ய வேண்டியது, தண்டை முன்னே தளர்த்தி மூக்கைத் தாழ்த்துவதே. அச்சம் ஏவும் செயல் ஒன்று, உயிர் காக்கும் செயல் அதற்கு நேர் எதிரானது. இதனை மாணவனுக்குச் சொல்லிச் சொல்லித்தான், அச்சத்தின் ஏவலைக் கேட்கக் கூடாது என்பதை ஆசிரியனும் கற்றுக்கொள்கிறான். விமானத்தில் மட்டுமன்று, பின்னர் வரப்போவதைப் போல, ஆசிரியத் தொழிலிலும்.

விலக்கி வைத்தலும் பழக்கி வைத்தலும்

விமானம் ஓட்டுதல் தோன்றிய தொடக்க ஆண்டுகளில், ஆசிரியர்கள் மாணவர்களை ஆபத்தான நிலைகளிலிருந்து விலக்கியே வைத்தனர். முதல் உலகப் போரின்போது பயிற்சியிலேயே மாண்ட இளைஞர் பலர். மாணவர்கள் மீது ஆசிரியர்க்கு நம்பிக்கை இல்லை. ஆசிரியர் பலர்க்குத் தம் தொழிலிலேயே ஆர்வம் இல்லை.

1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கோஸ்போர்ட் என்னும் ஊரில் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற இராபர்ட் ஸ்மித்–பாரி என்னும் படையதிகாரி இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். இருவர்க்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் கொண்ட விமானத்தில், ஆசிரியனும் மாணவனும் சேர்ந்து பறந்தனர். விமானம் விசையிழப்பதும், சுழன்று வீழ்வதும் மாணவனுக்கு வேண்டுமென்றே காட்டப்பட்டன. அவற்றிலிருந்து மீளும் வழியை அவனே தன் கையால் செய்து பழகினான். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஆசிரியன் பேசுவது மாணவன் செவியில் விழுவதற்காக, எளிய பேச்சுக் குழாய் ஒன்றும் வந்தது. அது பின்னாளில் அவ்வூரின் பெயராலேயே வழங்கலாயிற்று. உலகெங்கும் பின்னர் ஏற்பட்ட விமானப் பயிற்சி முறைகளுக்கு இதுவே அடிப்படை எனலாம்.

இம்மாற்றத்தை வெறும் தொழில் நுட்பமாகக் கொள்ளுதல் தகாது. இஃது ஓர் அறநிலை மாற்றமும் ஆகும். மாணவனை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பதே அன்பு என்று முன்னவர் எண்ணினர். ஆபத்தை அறியச் செய்து அதிலிருந்து மீளப் பழக்குவதே அன்பு என்று பின்னவர் கண்டனர். விலக்கி வைக்கப்பட்டவன், ஆசிரியன் இல்லாத ஒரு நாளில் அந்த ஆபத்தைத் தனியே, முதன்முறையாகச் சந்திப்பான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இப்பயிற்சிகள் எல்லாம் போதிய உயரத்திலேயே செய்யப்படுகின்றன. விமானம் விழத் தொடங்கினால் நிமிர்த்தி எடுக்க இடம் வேண்டும். நிலத்திலிருந்து 3,000 அடிக்குக் குறையாத உயரத்தில் மீட்டுவிட வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் ஒழுங்கு. உயரம் இருக்கும்போது பொறுமை அறம். உயரம் இல்லாதபோது அதே பொறுமை குற்றம். ஆசிரியன் கற்கும் பாடங்களுள் தலையாயது இந்த அளவை அறிதலே. நல்லாசிரியனுக்கு நன்னூல் கூறும் உவமைகளுள் நிலமும் ஒன்று, துலாக்கோலும் ஒன்று. நிலத்துக்குப் பொறுமை போதும். அப்பொறுமையைத் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பவனே ஆசான்.

மாணவன் எதைப் பார்க்கிறான்?

அண்ணாச்சி இந்த அளவை எளிதில் கற்கவில்லை. அவரே என்னிடம் சொன்ன நிகழ்ச்சி இது.

கழகத்தில் அவர் பழக்கியது புஷ்பக் என்னும் சிறு விமானத்தில். பெங்களூரில் இந்துஸ்தான் நிறுவனத்தார் செய்த அந்த விமானம் 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. நம் நாட்டின் பயிற்சிக் கழகங்களில் நெடுங்காலம் உழைத்தது. அதில் ஆசிரியனும் மாணவனும் தோளோடு தோள் உரச அருகருகே அமர வேண்டும்.

ஒரு மாணவன் நன்றாகத் தேறி வந்தான். இரண்டொரு நாளில் தனியே அனுப்பலாம் என்று அண்ணாச்சி எண்ணியிருந்தார். அன்று இறங்கும்போது, அவன் வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலேயே மூக்கை உயர்த்திவிட்டான். அண்ணாச்சி அதைக் கண்டார். ‘அவனே உணர்வான், திருத்திக்கொள்வான்’ என்று காத்தார். அவன் உணரவில்லை. அவர் கை வைத்தபோது ஒரு நொடி கடந்துவிட்டிருந்தது. விமானம் கீழே விழுந்தது. சக்கரத்தைத் தாங்கும் கால் ஒன்று வளைந்தது. இருவர்க்கும் காயம் இல்லை. ஆனால் குற்றம் ஆசிரியனுடையது என்பதில் ஐயமில்லை. “தேறாத மாணவனோடு பறக்கும்போது நான் விழித்திருப்பேன். தேறியவன் என்னைத் தூங்க வைத்துவிட்டான்” என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு அவர் மாறிப்போனார். மாணவன் எவனாயினும், தரை நெருங்கும்போது அவர் கை தண்டின் அருகே சென்றுவிடும். கால்கள் மிதிகளை மெல்ல அழுத்தும். சிறு பிழை தோன்றும் முன்னரே திருத்திவிடுவார். ஒரு விபத்தும் நேரவில்லை; தாம் மிகக் கவனமான ஆசிரியர் என்று தம்மையே மெச்சிக்கொண்டார். ஆனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவருடைய மாணவர்கள் தனியே பறக்கத் தகுதி பெறுவதற்குப் பிறரினும் கூடுதல் காலம் ஆயிற்று. அவர் அருகில் இருந்தால் அழகாக இறங்கினர். வேறொருவர் அருகில் இருந்தால் தடுமாறினர்.

அதனை ஆராய, மூத்த ஆசிரியர் ஒருவர் அந்த மாணவர்களுள் ஒருவனோடு தாம் பறந்து பார்த்தார். இறங்கி வந்து அண்ணாச்சியைத் தனியே அழைத்து, “உம்முடைய மாணவன் ஓடுபாதையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனுடைய கையைப் பார்க்கிறான்” என்று மட்டும் சொன்னாராம்.

“அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை, தம்பி” என்றார் அண்ணாச்சி. “நான் அவர்களைக் காத்துக்கொண்டிருந்ததாக எண்ணினேன். உண்மையில் என் அச்சத்தைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். என் கை நகர்ந்ததெல்லாம் அவர்களுக்கு ஆபத்து வந்ததனால் அன்று. எனக்கு அச்சம் வந்ததனால்.”

விமான ஆசிரியன் மாணவனிடமிருந்து கற்கும் பாடம் எது என்று கேட்டால், இதுவே என்பேன். அச்சம் என்னுடையதா, ஆபத்து அவனுடையதா என்று பிரித்தறியும் ஆற்றல் அது. இரண்டும் நெஞ்சில் ஒரே வகையாகத்தான் துடிக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாதவன், அன்பின் பெயரால் மாணவனை முடமாக்குவான். அல்லது நம்பிக்கையின் பெயரால் அவனை விழச் செய்வான்.

யார் கையில் இருக்கிறது?

இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானத்தில் ஓர் ஒழுக்கம் உண்டு. ஆசிரியன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்போது, ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்னும் பொருள்படத் தெளிவாகச் சொல்வான். மாணவன் உடனே கையை விட்டு, ‘உங்களிடம்’ என்று மறுமொழி தருவான். திரும்பக் கொடுக்கும்போதும் அவ்வாறே. ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்காமல் பொறுப்பு கைமாறுவதில்லை. இருவரும் பிடித்து எதிரெதிரே இழுப்பதும் கேடு. மற்றவர் பிடித்திருக்கிறார் என்று எண்ணி இருவரும் விட்டுவிடுவது அதனினும் கேடு.

நம் இல்லங்களில் இவ்வொழுக்கம் அருகியே காணப்படுகிறது. ‘நீயே முடிவு செய்’ என்று மகனிடம் சொல்லிவிட்டு, அவன் முடிவு செய்யும்போது மேசைக்கு அடியில் மிதியை அழுத்துகிறோம். படிப்பை அவன் விருப்பத்துக்கு விட்டதாகச் சொல்லி, நம் விருப்பத்தை நாள்தோறும் முகக்குறிப்பால் உணர்த்துகிறோம். முடிவு பிழைத்தால் அது அவனுடையது; நிலைத்தால் நம்முடையது. இவ்வாறு வளர்ந்தவன், தன் வாழ்வின் ஓடுபாதையைப் பாராமல் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

எடுப்பதானால் வெளிப்படையாக எடுக்க வேண்டும். கொடுப்பதானால் முழுமையாகக் கொடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய நேரத்தில் நாணவும் கூடாது. கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் குழந்தை சாலைக்குக் குறுக்கே ஓடினால், அங்கே கலந்துரையாடலுக்கு இடமில்லை; கையைப் பற்றி இழுப்பதே அறம். அங்கே உயரம் இல்லை.

காலியான இருக்கை

பயிற்சியில் ஒரு நாள் வருகிறது. இறங்கிய விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஆசிரியன் தன் இருக்கைப் பட்டையை அவிழ்க்கிறான். ‘ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கு’ என்று சொல்லிவிட்டுத் தரையில் இறங்கி நிற்கிறான். மாணவன் முதன்முறையாகத் தனியே மேலெழுகிறான். ஆசிரியன் ஏறியிருந்த சுமை நீங்கியதால், விமானம் வழக்கத்தைவிட விரைவாக எழும்பும். இறங்கும்போது சற்று நேரம் கூடுதலாக மிதக்கும். நல்ல ஆசிரியன் இதனையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புவான். தான் இல்லாதபோது என்ன மாறும் என்பதையும் கற்பித்து முடித்தவனே கற்பித்து முடித்தவன்.

அந்தச் சில நிமிடங்கள் ஆசிரியனுக்கு மிக நீண்டவை. காற்றிலே இருக்கும்வரை மாணவனுடைய பிழைக்குத் தன் உயிரையே பிணையாக வைத்திருந்தான். இப்போது அந்தப் பிணையும் இல்லை, கையும் இல்லை, கண் மட்டுமே இருக்கிறது. “அப்போதுதான் தேங்காய் நினைவுக்கு வரும்” என்பார் அண்ணாச்சி.

தமிழ்நாட்டு விமான வரலாற்றில் இதற்கு இனியதொரு சான்று உண்டு. சென்னைப் பறக்கும் கழகத்தில் ஆசிரியராக விளங்கிய கேப்டன் வி. சுந்தரம், பின்னர் பெங்களூர் சக்கூரில் அமைந்த அரசினர் பறத்தல் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரம் அப்பள்ளியில் பயின்று 1949-ஆம் ஆண்டில் தேறினார். நாட்டின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவரானார். 1951-ஆம் ஆண்டில் கணவனும் மனைவியுமாக, இங்கிலாந்திலிருந்து ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டி வந்தனர். பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதே வியப்பாக இருந்த காலம் அது. மனைவியின் கையில் விமானத்தைக் கொடுத்து அருகில் அமர ஒருவர்க்கு எத்துணை அறிவும் எத்துணை அமைதியும் வேண்டும்! கற்பித்தலின் முடிவான பயன், மாணவன் துணை விமானியாக அருகில் அமரும் நாளே.

தண்ணீரும் வெள்ளமும்

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் பேரன் பிறந்ததும் வளர்ந்ததும் இவ்வூரில். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ். ஒரு நாள் விளையாடிக் களைத்து வந்து, “தாத்தா, குடிக்க வெள்ளம் வேணும்” என்றான். “வெள்ளம் ஊரை அழிப்பதடா! தண்ணீர் என்று சொல்” என்றேன். அருகில் இருந்தோர் சிரித்தனர். மறுநாள் “மதி, தாத்தா” என்றான். “போதும் என்று சொல்” என்றேன். இவ்வாறு ஒவ்வொரு சொல்லுக்கும் என் கை தண்டின் அருகே இருந்தது. தமிழாசிரியனாக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் வீட்டில் பிழைத்தமிழா என்னும் எண்ணம் எனக்கு. சில திங்களில் அவன் என்னிடம் ஆங்கிலத்தில் பேசலானான். நான் கேட்டால் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வான். பேசத் தொடங்கும் முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பான்.

அண்ணாச்சி சொன்ன ‘பக்கத்தில் இருப்பவனுடைய கையைப் பார்க்கிறான்’ என்ற சொற்கள், அந்தக் கணத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தன. என் பேரன் சொல்ல வந்த பொருளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் மொழிக்கு எத்தனை ஆயிரம் அடி உயரம் இருக்கிறது! அச்சம் என்னுடையது. தமிழ் நம் தலைமுறையோடு நின்றுவிடுமோ என்பது, புலம்பெயர்ந்து வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள அச்சம். அவ்வச்சம் பொய்யானதன்று. ஆனால், விழும் விமானத்தில் தண்டை இழுப்பவன் செய்வதையே நானும் செய்தேன், அச்சம் ஏவியவாறு இழுத்தேன், வீழ்ச்சி பெரிதாயிற்று.

‘திருத்தாமல் விட்டால் மொழி சிதைந்து போகாதா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அண்ணாச்சியிடம் கேட்டேன். “திருத்த வேண்டாம் என்று யார் சொன்னது, தம்பி? பறக்கும்போது பறக்க விடுவோம். இறங்கிய பின் உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகப் பேசுவோம். அது இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை. திருத்தத்துக்கு ஒரு நேரம் உண்டு, அது அவன் காற்றில் இருக்கும் நேரம் அன்று” என்றார்.

அவ்வாறே செய்யலானேன். அவன் வெள்ளம் கேட்டால், “இந்தா, தண்ணீர்” என்று சொல்லி டம்ளரை நீட்டுவேன், அவ்வளவே. இரவில் கதை சொல்லும்போது, மலையாளத்தில் நீரைக் குறிக்கும் அச்சொல் தமிழில் பெருக்கைக் குறிப்பதையும், இரண்டும் உறவினர் வீட்டுச் சொற்கள்தாம் என்பதையும் விளக்கினேன். சிரித்துக்கொண்டே கேட்டான். பகலில் அவன் பேச, நான் குறுக்கிடாமல் இருந்தேன். சொல்வது எளிது, செய்வது எளிதன்று. நாவின் நுனிவரை வந்த திருத்தங்களை விழுங்கிய நாள்களில், ஆசிரியத் தொழிலை முப்பது ஆண்டு செய்தும் அதன் பாதியை நான் கற்கவில்லை என்பது எனக்குப் புலனாயிற்று.

ஒரு மாலையில் பள்ளியிலிருந்து வந்தவன், பேருந்தில் ஒரு கிழவியின் கூடையிலிருந்து மீன் துள்ளி விழுந்த கதையை எனக்குச் சொன்னான். சொன்னது தமிழில். பாதிச் சொற்கள் மலையாளம். வினைமுற்றுகள் பல பிழை. ஆனால் கதை ஓடியது, கை ஆடியது, கண் ஒளிர்ந்தது. ஒரு தடவைகூட அவன் என் முகத்தைப் பார்த்து நிற்கவில்லை. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பழவங்காடிக்குச் சென்று ஒரு தேங்காய் உடைத்தேன். அண்ணாச்சி எதிரே நின்றிருந்தார். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை.